கருகிய இலையும் கைராசியும்

காணி உறுதி, கடன் புத்தகம், பிள்ளைகளின் படிப்பு, குடும்ப வன்முறை என்று எழுதப்படும் இந்தப் பக்கத்தில் பூக்கன்றுகளுக்கு என்ன வேலை என்று வாசகியர் சிலர் நினைக்கக்கூடும். வீடு வீடாகச் செல்லும் என் போன்ற சமூகப் பணியாளருக்கு உரையாடல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே தொடங்குவதில்லை. முற்றத்தில்தான் தொடங்குகிறது. கதிரை எடுத்துப் போடுவதற்கு முன்னரே கண் பூச்சாடிகளில் விழுந்துவிடும். "நல்லா வந்திருக்கே அக்கா" என்றோ, "இதுக்கு என்ன நடந்தது?" என்றோ கேட்டால், அதன் பின் வரும் கதை பூக்கன்றைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை.

அவ்வாறு கேட்கும்போது எனக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்றுண்டு. "எனக்குக் கைராசி இல்லைப் பிள்ளை. நான் வைச்சா ஒண்டும் நிக்காது." இதைச் சிரித்துக்கொண்டு சொல்பவர்களும் உண்டு. கண் கலங்கச் சொல்பவர்களும் உண்டு.

கைராசி என்ற சொல் தனியே வருவதில்லை. அதன் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் கறிவேப்பிலையில் கை வைக்காதே, வெற்றிலைக் கொடிக்குக் கிட்டப் போகாதே, துளசியைத் தொடாதே என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறோம். கணவனை இழந்த பெண் வைத்த கன்று தளிர்க்காது என்று கூசாமல் கூறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஓர் ஆண் வைத்த மிளகாய்த் தோட்டம் அழிந்தால், "மழை பிழைச்சுப் போச்சு", "விதை சரியில்லை" என்கிறார்கள். ஒரு பெண் வைத்த பூக்கன்று கருகினால் மட்டும் அவளுடைய கையைப் பார்க்கிறார்கள். காரணம் தெரியாத ஒரு நட்டத்தை ஒரு சமூகம் யாருடைய தலையில் இறக்கி வைக்கிறதோ, அவரே அங்கு வாய் திறக்க முடியாதவர் என்பதைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் புத்தகத்தில் வாசித்தேன். அதைக் கண்ணால் கண்டது பூச்சாடிகளின் அருகில்தான்.

ஆகவே இம்முறை ஒரு எளிய விடயத்தை விளக்கமாக எழுதுகிறேன். நிழலில் வளரும் இலைக்கன்றுகள் வெயில் முற்றத்தில் ஏன் கருகுகின்றன? அவற்றை எங்கே, எப்படி வைத்தால் நிற்கும்? இதைத் தெரிந்துகொண்டால் கைராசி என்ற பேச்சுக்கு இடமிராது.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் செல்லும் கிராமமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். 2009 இல் அவருடைய கணவர் காணாமற்போனார். அவர் இன்னும் பொட்டு வைக்கிறார். அவரை விதவை என்று அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஊர்தான் அப்படி எழுதிக்கொண்டது. இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து, தமது காணிக்குத் திரும்பியபோது அங்கே முன்பு நின்ற மா இல்லை, பலா இல்லை, வேலிப் பூவரசும் இல்லை. வளவு முழுவதும் வெளியாகக் கிடந்தது. பின்னர் வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு கிடைத்தது. வீட்டைச் சில மாதங்களில் கட்டிவிடலாம். ஒரு மாமரத்தின் நிழலை அப்படிக் கட்டி எழுப்ப முடியாது. மீளக்குடியமர்ந்த கிராமங்களில் வீடுகள் வெயிலுக்குள் நிற்பதன் காரணம் இதுதான்.

இந்த அக்காவின் தங்கை கனடாவில், ரொறன்ரோவில் வசிக்கிறார். ஒவ்வொரு கோடைக்கும் தன் வீட்டு முற்றத்தைப் படமெடுத்துத் தொலைபேசியில் அனுப்புவார். அந்தப் படங்களில் ஹொஸ்டா என்றொரு செடி. தட்டுப் போல அகன்ற இலைகள். பச்சை, நீலப்பச்சை, மஞ்சள் என்று பல நிறங்கள், ஓரத்தில் வெள்ளைக் கரை போட்டதும் உண்டு. பூவை விட இலைக்காகவே வளர்க்கும் செடி. "அதுமாதிரி ஒண்டு இங்க நிக்குமோ தங்கச்சி?" என்பதுதான் அக்கா என்னிடம் கேட்ட முதற் கேள்வி.

நிற்காது. ஹொஸ்டாவின் தாயகம் சீனா, கொரியா, யப்பான் ஆகிய நாடுகள். குளிர்காலம் வரும்போது அதன் இலைகள் எல்லாம் மடிந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு போன்ற அடிப்பகுதி பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்க வேண்டும். அந்த உறக்கம் முடிந்த பின்பே வசந்தத்தில் புதுக் குருத்து விடும். எமது வன்னியில் மார்கழிப் பனி காதைக் கடித்தாலும் அதற்கு அந்தக் குளிர் போதாது. உறங்க முடியாத செடி ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து இல்லாமற் போகும்.

ஆனால் ஹொஸ்டாவிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடிய விடயம் உண்டு. அதுவும் நிழல்செடிதான். குளிர்நாட்டிலும் அதைப் பிற்பகல் வெயிலில் வைத்தால் இலை வெளிறி, ஓரம் பழுப்பாகிக் கருகும். நீலப்பச்சை இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு வெயிலில் கரைந்து அந்த நிறமே போய்விடும். மஞ்சள் இலை வகைகளும் வாசனைப் பூ வகைகளும் சற்று அதிகம் வெயில் தாங்கும். ஆகவே அங்குள்ளவர்கள் காலை வெயில் மட்டும் படும் இடத்தைப் பார்த்து வைக்கிறார்கள், தண்ணீரை அதிகமாக விடுகிறார்கள், அடியில் சருகு மூடாக்குப் போடுகிறார்கள். செடி கருகினால் இடத்தை மாற்றுகிறார்கள்.

தங்கை அக்காவுக்கு ஓர் ஆலோசனையும் சொல்லியிருந்தார். "வீட்டின் வடக்குப் பக்கம் வை அக்கா, அங்க வெயில் படாது." அக்கா அதன்படியே கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய கலேடியம், பிகோனியா, அந்தூரியம் எல்லாவற்றையும் வடக்குச் சுவரோரம் வரிசையாக வைத்தார். கார்த்திகை, மார்கழி, தையில் இலைகள் பளபளவென்று வந்தன. பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வைகாசி பிறந்து இரண்டு கிழமைக்குள் எல்லாம் கருகிச் சுருண்டன. அயலில் ஒருவர் நாவூறு என்றார். இன்னொருவர், "அவவின்ர கை அப்பிடி" என்றார். அடுத்த ஆண்டும் அதே கதை நடந்தது.

இங்கே நாவூறும் இல்லை, கையும் இல்லை. சூரியன் செல்லும் பாதை இருக்கிறது. இதைச் சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

ரொறன்ரோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 44 பாகையில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகற் சூரியன் தெற்குப் பக்கமாகவே நிற்கும். ஆகவே வீட்டின் வடக்குச் சுவரில் நண்பகல் வெயில் ஒருபோதும் படாது. தங்கை சொன்னது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரி. கிளிநொச்சியோ ஒன்பதரைப் பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. இங்கே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. அதற்குப் பின் ஆகஸ்ட் இறுதிவரை அது உச்சிக்குச் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் ஒருமுறை உச்சிக்கு வந்து, பிறகு தெற்கே சாயும்.

ஒரு 10 அடிச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாத நண்பகலில் அதன் நிழல் வடக்குப் பக்கமாக ஏறத்தாழ ஆறரை அடி விழும். சித்திரையில் எந்தப் பக்கமும் நிழல் இல்லை. ஜூன் மாதத்தில் தெற்குப் பக்கமாக இரண்டரை அடி விழும். அந்த நேரத்தில் வடக்குச் சுவரோரம் முழு வெயிலில் இருக்கும். மாரியில் வடக்குச் சுவரோரம் செழித்த கன்று வைகாசியில் கருகியதன் காரணம் இதுவே. வைகாசியில் சோளகக் காற்றும் தொடங்கிவிடும். வரண்ட காற்று இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்ச, மேலிருந்து வெயில் சுட, மெல்லிய இலை என்ன செய்யும்?

ஆண்டு முழுவதும் நம்பக்கூடிய பக்கம் கிழக்குப் பக்கம். காலை வெயில் மெல்லியது. நண்பகல் கழிந்ததும் வீட்டின் நிழல் கிழக்கே நீளத் தொடங்கும். மேற்குப் பக்கம்தான் மிகக் கொடியது. பிற்பகல் வெயிலும், பகல் முழுவதும் சூடேறிய சுவரும், சீமெந்துத் தரையும் சேர்ந்து அவிக்கும்.

கன்று வாங்கும் முன் உங்கள் வளவின் வெயிலை ஒருநாள் அவதானியுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை. காலை 8 மணி, 10 மணி, நண்பகல், பிற்பகல் 2 மணி, 4 மணி ஆகிய ஐந்து நேரமும் முற்றத்தில் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு சிறு தடியை ஊன்றுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளை இருந்தால் கொப்பியில் ஒரு படம் கீறச் சொல்லுங்கள். தை மாதம் ஒருநாள், சித்திரையில் ஒருநாள், ஆனியில் ஒருநாள் இப்படிச் செய்தால் உங்கள் வளவைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லாத செய்தி உங்கள் கையில் இருக்கும். அந்த அக்காவும் சாதாரண தரம் படிக்கும் மகளும் இதைத்தான் செய்தார்கள். கிணற்றடிக்குப் போகும் வழியில், குசினியின் கிழக்குச் சுவரோரம் பத்தரை மணிக்குப் பிறகு வெயில் படாத ஒரு துண்டு இடம் இருப்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். அதுவரை அங்கே உடைந்த வாளிகளும் விறகும் கிடந்தன.

இனி இலை ஏன் கருகுகிறது என்பதைப் பார்ப்போம். காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளரும் செடிக்கு வெளிச்சம் குறைவு. கிடைக்கும் வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக அது இலையை அகலமாகவும் மெல்லியதாகவும் விரிக்கிறது. அதே இலையை வெட்டவெளியில் வைத்தால் வேர் கொடுக்கும் தண்ணீரை விட இலை இழக்கும் தண்ணீர் அதிகமாகிறது. அளவுக்கு மிஞ்சிய வெளிச்சத்தில் பச்சையமும் சிதைகிறது.

எல்லாக் கருகலும் ஒன்றல்ல. இலையின் மேற்பக்கம், வெயில் நேரே படும் பகுதியில் மட்டும் வெளிறிய அல்லது பழுப்புத் திட்டு வந்தால் அது வெயில் சுட்டது. நிழலில் இருக்கும் அடி இலைகளிலும் நுனியும் ஓரமும் மட்டும் காய்ந்து வந்தால் பெரும்பாலும் தண்ணீரிலுள்ள உப்புக் காரணமாக இருக்கலாம். பூநகரி போன்ற பகுதிகளில் உவர்க் கிணறுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவ்வாறான இடங்களில் மாரி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சாடிகளுக்கு விடுவது நல்லது. மூன்றாவது, நண்பகலில் இலை துவண்டு மாலையில் தானே நிமிர்வது. அப்போது மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் விடாதீர்கள். துவண்டதே என்று மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். அதற்கு வேண்டியது நிழல்.

எதை எங்கே வைப்பது என்பதில் பெயரும் எம்மை ஏமாற்றுகிறது. இலை அழகுக்காக வளர்க்கும் எல்லாவற்றையும் நம்மில் பலர் "குரோட்டன்" என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையான குரோட்டன் வெயிலை விரும்பும் செடி. வெயில் குறைந்தால் அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கிவிடும். அதே பெயரில் வாங்கி வந்த கலேடியத்தை அதன் அருகிலேயே வைத்தால் ஒன்று செழிக்கும், மற்றது கருகும். பார்ப்பவருக்கு அது ராசியாகத் தெரியும்.

நாள் முழுவதும் வெயில் படும் இடத்துக்குக் குரோட்டன், மருள், கல்வாழை ஆகியன ஏற்றவை. தங்கையின் முற்றத்தில் உள்ளது போன்ற அகன்ற இலைதான் வேண்டுமென்றால் கல்வாழையை விடச் சிறந்தது இல்லை. அது வெயிலையும் தாங்கும், பூவும் தரும். ஆனால் தண்ணீர் வேண்டும். சேம்பும் அடியில் ஈரம் நிற்குமானால் வெயிலில் நிற்கும். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்குக் கலேடியமும் வல்லாரையும் ஏற்றவை. இஞ்சியும் மஞ்சளும் சிறு நிழலில் நன்றாக வரும். முழு நிழலுக்கு அந்தூரியம், பிகோனியா, மணி பிளான்ட். அந்தூரியத்தை மண்ணில் புதைக்கக் கூடாது. பொச்சுத் துண்டு, கரித்துண்டு, உடைந்த செங்கல் கலந்து வைத்தால் அதன் வேருக்குக் காற்றுப் படும்.

கலேடியம் பற்றி இரண்டு செய்திகள். வரண்ட காலத்தில் அதன் இலைகள் எல்லாம் விழுந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். சாடியை நிழலில் ஒதுக்கி வைத்தால் மழையோடு மீண்டும் குருத்து விடும். மற்றது, கலேடியம், அந்தூரியம், மணி பிளான்ட் ஆகியவற்றின் இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நிழலே இல்லாத வளவில் நிழலை நாமேதான் உண்டாக்க வேண்டும். இதை மூன்று படிகளாகச் செய்யலாம். உடனடியாக வேண்டுமானால் கிடுகு அல்லது பனையோலை போட்ட சிறு பந்தல் போதும். ஓலையை நெருக்கமாக வேயாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள், புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழட்டும். கடையில் நிழல்வலை வாங்குவதானால் கலேடியத்துக்கு 50 வீத வலை போதும், அந்தூரியத்துக்கு 70 முதல் 80 வீதம் வேண்டும். வலையைத் தலைக்கு மேல் ஏழு எட்டு அடி உயரத்தில் கட்டுங்கள். தாழக் கட்டினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். இரண்டாவது படி, பாகலோ புடலையோ பந்தலில் ஏற்றுவது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் மேலே கறிக்குக் காய், கீழே பூச்சாடிக்கு நிழல். மூன்றாவது படிதான் நிலைத்து நிற்பது. ஐப்பசி மழை தொடங்கியதும் மேற்குப் பக்க வேலியில் சீமைக்கிளுவை, பூவரசு, முருங்கைக் கதியால்களை ஊன்றுங்கள். கிணற்றடியில் இரண்டு வாழை வையுங்கள். சீமைக்கிளுவை வெட்டாமல் விட்டால் வரண்ட காலத்தில் இலையை உதிர்த்துப் பூக்கும். மாரி முடிவில் கிளைகளை வெட்டிவிட்டால் புதுத் தளிர் விட்டுப் பங்குனி, சித்திரை வெயிலுக்கு நிழல் தரும். வெட்டிய இலை நல்ல பசளை, சாடிகளின் அடியில் போட மூடாக்கும் அதுவே.

தண்ணீரைப் பற்றி எழுதாமல் இந்த விடயத்தை முடிக்க முடியாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று எழுதுவது எளிது. ஆவணியில் கிணறு அடிமட்டத்துக்குப் போகும்போது அந்த வாளியைத் தூக்குபவர் பெண்தான். வெயிலில் வைத்த நிழல்செடிக்கு நிழலில் வைத்ததை விடப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். ஆகவே சரியான இடத்தில் வைப்பது பெண்ணின் இடுப்பையும் காப்பாற்றும். அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரைச் சாடிகளுக்கு விடுங்கள். குளித்த தண்ணீரையும் உடுப்புத் தோய்த்த தண்ணீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுங்கள், சாடிச் செடிகளுக்கு அது வேண்டாம். சாடியின் அடியில் ஒரு துண்டு தேங்காய்ப் பொச்சை ஊறவைத்துப் போட்டால் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கறுப்புப் பொலித்தீன் பையும் தகரமும் வெயிலில் சூடேறி வேரை அவிக்கும். அவற்றுக்கு வெளியே சுண்ணாம்பு பூசுங்கள், அல்லது சாடிகளைக் கூட்டமாக வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றதுக்கு உதவும்.

திருவிழாக் கடையிலோ நாற்றுமேடையிலோ வாங்கும் கன்று நிழல்வலைக்குள் வளர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். கொண்டு வந்த அன்றே முற்றத்தில் வைத்தால் இரண்டே நாளில் கருகும். முதற் கிழமை வீட்டு விறாந்தையில் வையுங்கள். பிறகு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் காலை வெயில், அடுத்த கிழமை இரண்டு மணித்தியாலம் என்று பழக்குங்கள். பழைய இலை சில விழும். அந்த வெளிச்சத்தில் புதிதாக வரும் இலை சற்றுச் சிறியதாகவும் தடிப்பாகவும் வரும், அது தாங்கும்.

கிழக்குச் சுவருக்கு மாறிய பிறகு அந்த அக்காவின் கலேடியம் இரண்டு வைகாசி கடந்து நின்றது. அந்தூரியமும் பொச்சில் பிழைத்தது. பிகோனியா சோளகக் காற்றுக்கு நிற்கவில்லை, அதை அவர் கைவிட்டுவிட்டார். அயலவர் வந்து பார்த்து, "இப்ப உன்ர கை திரும்பியிட்டுது" என்றாராம். "கை அதே கைதான் அக்கா, சுவர்தான் மாறினது" என்று பதில் சொன்னதாக இவர் என்னிடம் கூறினார். அவர் அயலவரோடு இவ்வாறு எதிர்த்துக் கதைத்து நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

"இது வயிற்றுக்கு உதவுமா?" என்ற கேள்வி எஞ்சுகிறது. எங்களைப் போன்றவர்கள் கொண்டு செல்லும் வாழ்வாதாரப் படிவங்களில் கோழி, ஆடு, கச்சான், மிளகாய் என்று நிரல்கள் இருக்கும். மாத வருமானம் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும். பார்த்து மகிழ்வதற்கென்று ஒரு பெண் வைக்கும் சாடிக்கு அதில் கட்டம் இல்லை. வருமானம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2020 இல் இறக்குமதி நின்று மஞ்சள் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, வளவில் நாலு அடி மஞ்சள் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். 2022 இன் நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் எத்தனை சட்டிகளை நிரப்பியது என்பதை நாம் கண்டோம். வெயிலின் பாதையை அறிந்த பெண்ணுக்கு மஞ்சளும் இஞ்சியும் வல்லாரையும் எங்கே நிற்கும் என்பதும் தெரியும். ஆனாலும், நாள் முழுவதும் மற்றவர்களுக்காக உழைக்கும் ஒருத்தி தனக்கென்று ஒரு சிவப்பு இலையைப் பார்த்து நிற்கும் ஐந்து நிமிடத்துக்கு நாம் கணக்குக் கேட்கத் தேவையில்லை.

வளவில் எந்த மரம் நிற்கட்டும், எதை வெட்டலாம், எங்கே சீமெந்து போடலாம் என்ற முடிவுகளை இன்னும் பெரும்பாலும் ஆண்களே எடுக்கிறார்கள். அந்த நிழலில் அரிசி புடைப்பதும், பிள்ளைக்குச் சோறூட்டுவதும், வெயிலில் தண்ணீர் சுமப்பதும் பெண்கள். மேற்கு வேலியில் நிற்கும் முருங்கையை வெட்டப் போகிறார்கள் என்றால், அது எத்தனை மணிக்கு எங்கே நிழல் தருகிறது என்று சொல்லிக் காட்ட அந்த ஐந்து தடிகளும் உங்களுக்கு உதவும்.

உங்கள் மகள் நட்ட கன்று கருகினால் தயவுசெய்து அவளுடைய கையைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். மாதவிலக்கு நாளில் அவள் கறிவேப்பிலை பறித்தால் கறிவேப்பிலைக்கு ஒன்றும் நேராது. வெயில் எங்கிருந்து வருகிறது என்று அவளோடு சேர்ந்து நின்று பாருங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் கலேடியக் கிழங்கும் கதியாலும் கைமாற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மேற்கு வேலியில் குழிகளை வெட்டி வைத்துவிடுங்கள்.